நிமிர்ந்து தும்மச் சொன்னவர்

காலை ஆறு பத்து. கதவைத் திறந்ததும் தெரிந்தது காரமடை மாமாவின் முதுகு. வாசற்படியில் நனைந்து கிடந்த சாக்கு மிதியடியை எடுத்து, முறுக்கிப் பிழிந்து, காம்பவுண்டுச் சுவரின் மேல் விரித்துக்கொண்டிருந்தார். ஓரங்களை இழுத்துச் சரிசெய்த பிறகுதான் திரும்பினார்.

“ஈரச் சாக்கு வழுக்கும் கண்ணு. முதுகு முடியாதவங்க இருக்கற ஊட்டுல இது ஆகாது.”

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். சிங்காநல்லூரில் ஒரு மில்லுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பா அந்த மில்லில் மேஸ்திரி. நான் கோவை நாளிதழ் ஒன்றில் நிருபர். முந்தைய நாள் மாலை அம்மா சிறுவாணித் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் குழாயும் தரைக்குக் கீழே குழிக்குள்தான் இருக்கும். மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது. குழிக்குள் குனிந்து குடத்தைத் தூக்கியபோது நடுமுதுகில் சடக்கென்றது என்றாள். அதன்பிறகு அவளால் உட்காரவும் முடியவில்லை, படுத்தால் புரளவும் முடியவில்லை. அப்பா எதிர்வீட்டுத் தொலைபேசியிலிருந்து அவருக்குச் சொன்னது ஒரு வாக்கியம்தான்: “கொடம் தூக்கறப்ப முதுகு புடிச்சுக்கிச்சுங்க.”

அதைக் கேட்டுவிட்டு, காரமடையிலிருந்து விடிவதற்கு முன்பே மொபெட்டில் கிளம்பி வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் வெள்ளை எனாமல் பெட்பேன் ஒன்று; இடுப்பிலிருந்து மார்புக்குக் கீழ்வரை வரும் கான்வாஸ் பெல்ட் ஒன்று. பெல்ட் புதியதல்ல. கொக்கிகள் மங்கியிருந்தன. அம்மாவுக்கு அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

ஏழு மணிக்கு எதிர்வீட்டு அக்கா ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்த மனிதர். அப்படிப் பிறந்தவர் முதுகில் காலால் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த மனிதர் கால் கழுவிவிட்டுத் தயாராக நின்றார். மாமா வாசற்படியில் இரண்டு கையையும் கதவு நிலையில் வைத்துக்கொண்டு வழி மறித்தார்.

“பொறக்கறப்பவே கால நீட்டுனவருங்களா நீங்க?”

“ஆமாங்க.”

“அன்னைக்கு நீட்டுனது போதுமுங்க. இங்க நீட்ட வேண்டாம்.”

எதிர்வீட்டு அக்கா விடவில்லை. “ஏனுங், சுளுக்குக்கு மிதிக்காம வேற என்ன பண்றதுங்க? எங்க மாமியாருக்கு ஒரே மிதி. அன்னைக்கே எந்திரிச்சு மாவாட்டுச்சு.”

“இது சுளுக்காட்டத் தெரியலீங்க அக்கா. எலும்பாட்டத் தெரியுது. மிதிச்சா மாவாட்டறதுக்கு ஆளே இருக்காது.”

கால் கழுவியவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பினோம். அன்று பிற்பகல் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பில் ஒரு கட்டை முன்பக்கமாக நசுங்கியிருந்தது. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டாரே என்று அப்பா மாலைவரை வியந்துகொண்டிருந்தார். நானும் வியந்தேன்.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்த வயசுக்கு எலும்பு இவ்வளவு மெலிஞ்சிருக்கக் கூடாது. வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களாம்மா?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்க,” என்றாள் அம்மா.

அவள் பொய் சொல்லவில்லை. ஏழெட்டு வருடமாக அவள் காலையில் சாப்பிட்டுவந்த பொடியை எங்கள் வீட்டில் யாரும் மருந்துக் கணக்கில் சேர்த்ததில்லை. மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் கொடுப்பது. இது அண்ணன் கொடுப்பது.

அம்மாவுக்கு உடன்பிறந்த அண்ணன் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பு மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தபோது பஞ்சுத் தூசியில் பிடித்த இளைப்பு அவளை விடவே இல்லை. மார்கழியில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். யாரோ சொல்லி அவரிடம் போனோம். அவர் முன்பு ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். பிறகு காரமடைக்குப் பக்கத்தில் தன் தோட்டத்து வீட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் இளைப்புக்கு மூலிகைப் பொடி கொடுக்க ஆரம்பித்தார். பழுப்பு நிறம், திப்பிலி வாசனை, நாக்கின் அடியில் ஒரு கசப்பு. பழைய செய்தித்தாளில் மடித்துத் தருவார். மடிப்பைப் பிரித்தால் சில வாரம் என் செய்தியே உள்ளே இருக்கும். பொடி சாப்பிட்ட மூன்றாம் நாள் அம்மா மல்லாந்து படுத்துத் தூங்கினாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

அன்றுமுதல் அவர் அம்மாவுக்கு அண்ணன். அப்பாவுக்கு மச்சான். எனக்கு மாமா.

அவரைப் போல ஜாக்கிரதையான மனிதரை நான் பார்த்ததில்லை. பொடியைக் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தைகளைச் சொல்வார். காலையில் மட்டும். வெறும் வயிற்றில் கூடாது. எள்ளுருண்டை, ராகிக் களி, முருங்கைக்கீரை, பால், இதில் ஏதாவது ஒன்று தினமும் உள்ளே போக வேண்டும். வெயிலில் நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: “திடீர்னு மட்டும் நிறுத்திப்போடாதீங்க சாமி. நிறுத்தறதுன்னா என்றகிட்டச் சொல்லுங்க. கொஞ்சங் கொஞ்சமாத்தான் எறங்கோணும்.” இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறும். கேட்பவர் திருப்பிச் சொல்லும்வரை பொட்டலத்தைக் கையைவிட்டு விடமாட்டார்.

ஒருமுறை பல்லடத்திலிருந்து வரும் விசைத்தறிக்காரர் ஒருவர் இரண்டு ஞாயிறு வரவில்லை. கொட்டும் மழையில், பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் பிளாஸ்டிக் பையாகப் போட்டுக்கொண்டு, மொபெட்டிலேயே பல்லடம் போனார். வழியில் எங்கள் வீட்டில் தலை துவட்டிக்கொண்டார். அம்மா கடிந்துகொண்டாள்.

“ஏனுங்ண்ணா, அவிய வந்து வாங்கிக்க மாட்டாங்களா? இந்த மழையில நீங்க போயி விழுந்து எந்திரிச்சா யாரு பாக்கறது?”

“அவன் பொடிய உட்டுப்போட்டு இருக்கறான் அம்மணி. உட்டா ஆகாது.”

அவர் காபிகூடக் குடிக்கவில்லை. அந்த அவசரத்தை நாங்கள் பாசம் என்றே எடுத்துக்கொண்டோம். அவர் போன பிறகு அப்பா சொன்னார்: “காசு வாங்கற டாக்டரு எவனாச்சும் இப்படிப் போவானா?”

முதுகு உடைந்த பிறகு ஆறேழு வாரம் அம்மா பெரும்பாலும் படுக்கையில். வலி இறங்க ஆரம்பித்ததும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மாமா வாரம் இரண்டு தடவை வந்தார். வந்ததும் முதல் வேலை வீட்டைச் சுற்றிப் பார்ப்பது. அடுப்படியில் தரையில் இருந்த அரிசி டப்பாவை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினார். கட்டிலுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்த பாயைத் தூக்கிப் பரணில் எறிந்தார். குழாய்க் குழிக்கு மேல் ஒரு பலகை போட்டு மூடி, “இனி இது உங்கப்பாவுக்கும் உங்களுக்குந்தான் கண்ணு. இவுங்க எட்டிக்கூடப் பாக்கக் கூடாது,” என்றார்.

பிறகு எழுந்திருக்கும் முறை. மல்லாந்து படுத்தவர் அப்படியே எழக் கூடாது. முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி, ஒரு மரக்கட்டையை உருட்டுவது போல ஒருக்களிக்க வேண்டும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே நேரத்தில் கையை ஊன்றி எழ வேண்டும். நடுமுதுகு எந்த இடத்திலும் முறுகவோ வளையவோ கூடாது.

சுவரை ஒட்டி நிற்கச் சொன்னார். குதிகால், பிருஷ்டம், முதுகு, தலை. தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து, மூச்சை அடக்காமல் நிற்க வேண்டும். நாற்காலியில் இருந்து கைப்பிடியைத் தொடாமல் எழுந்து உட்கார வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். பிறகு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். எதையாவது எடுக்க வேண்டுமென்றால் முதுகை நேராக வைத்து இடுப்பிலும் முழங்காலிலும் மடங்க வேண்டும். எடுத்ததை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தன் பங்குக்குச் சொன்னார்: “இதெல்லாம் என்ன எக்ஸசைஸுங்க? குனிஞ்சு கால் வெரலத் தொட்டாத்தான முதுகு எளகும்? டி.வி.யில காட்டறாங்க பாருங்க.”

“தொடறவங்க தொடட்டுமுங்க. நசுங்குன எலும்புக்காரங்க தொட்டா அடுத்த கட்டையும் நசுங்கும். கால் வெரலு எங்கயும் ஓடிப்போகாது. அங்கயேதான் இருக்கும்.”

தும்மலுக்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. உட்கார்ந்தபடி, முன்னால் குனிந்து தும்மக் கூடாது. தும்மல் வருவது தெரிந்ததும் எழுந்து, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, நிமிர்ந்து நின்று தும்ம வேண்டும். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தும்மறதுக்கு எந்திரிச்சு நிக்கோணுங்களா? தும்மல் என்ன பெரிய மனுசனுங்களாண்ணா?”

“பெரிய மனுசந்தான் அம்மணி. ஒரு தும்மல்ல ஒடஞ்சவங்க இருக்கறாங்க.”

யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த வருடம் தங்கையின் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கத்துக் கல்யாணம் நகராது. ஒன்றுவிட்ட உறவில் யாரையாவது நிறுத்தலாம் என்று அப்பா சொன்னதற்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவரைத்தான் நிறுத்தினாள். பெருந்துறையிலிருந்து வந்திருந்த அப்பாவின் பங்காளிகள் முணுமுணுத்தார்கள். அவர் பட்டு வேட்டியோடு மணமேடைக்கு ஏறி, சீர் செய்வதற்கு முன் ஒரு காரியம் செய்தார். தரையில் வைத்திருந்த தட்டுகளை எல்லாம் எடுத்து ஒரு ஸ்டூலின் மேல் வைத்தார். சடங்கு நடத்திவைத்த அருமைக்காரர் தடுத்தார்.

“தட்டு தரையிலதான் இருக்கோணுமுங்க. மொறை அது.”

“பொண்ணோட அம்மா குனியக் கூடாதுங்க. மொறை குனியட்டும்.”

மண்டபம் சிரித்தது. அம்மா அழுதாள். எங்கள் வீட்டு ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது: ஸ்டூல், தட்டுகள், நிமிர்ந்து நிற்கும் அம்மா, அவள் முழங்கைக்குக் கீழே, தொடாமல், தாங்கத் தயாராக அவருடைய கை.

அந்தப் படத்தில் அம்மாவின் முகம் முழு நிலவு போல இருக்கும். நல்லா சதை போட்டிருக்கீங்க என்று கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை. அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அடுத்த வாரத்துல இருந்து பொடி முக்கால் பங்கு போதும் அம்மணி,” என்றார்.

கல்யாணம் முடிந்த ஆறாம் மாதம் அம்மாவுக்குக் காய்ச்சலோடு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே இருந்த வயதான டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். முழங்கையில் தானாக வந்திருந்த நீலத் திட்டுகளைப் பார்த்தார். பழைய எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை.

“இளைப்புக்கு யார்கிட்டப் பொடி வாங்கறீங்க?” என்றார்.

பொட்டலத்தை நான் மருந்தியல் பாடம் நடத்தும் நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். திப்பிலியும் ஆடாதோடையும் இருந்தன. அவற்றோடு ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருந்தது. நண்பர் எனக்குப் புரியும்படி சொன்னார். இளைப்பை அது உடனே அடக்கும். தேவைப்படும்போது டாக்டர்களும் கொடுப்பார்கள். அளவு பார்த்து, கூடவே எலும்பையும் கவனித்து. வருடக்கணக்கில் தெரியாமல் சாப்பிட்டால் எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகும். குடம் தூக்கினால் உடையும். தும்மினால் உடையும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் உடம்பு தானாகச் சுரப்பதை அதற்குள் மறந்திருக்கும்.

அந்தக் கடைசி வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். அதைப் பல ஞாயிற்றுக்கிழமைகள் வேறு வார்த்தைகளில் நான் கேட்டிருந்தேன்.

காரமடைக்குப் போனது ஒரு வியாழக்கிழமை. கூட்டம் இல்லாத நாள். அவர் களத்தில் எள் காயவைத்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிவைச் சொன்னேன். மறுக்கவில்லை. எள்ளைக் கையால் பரப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

“உங்களுக்குத் தெரியுங்களா மாமா, அதுல என்ன இருக்குன்னு?”

“நாந்தான கண்ணு கலக்கறேன்.”

“எலும்பு போகும்னும் தெரியுங்களா?”

“தெரியும். அதனாலதான் எள்ளு, ராகின்னு அத்தன சொன்னேன். அதனாலதான் அளவக் கொறச்சேன். பாத்துப் பாத்துத்தான் செஞ்சேன்.”

“எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே?”

“சொல்லியிருந்தா சாப்பிட்டிருக்க மாட்டாங்க. உட்காந்துக்கிட்டே தூங்குனது உங்களுக்கு மறந்துபோச்சா? மூச்சு முட்டறதுக்கு முதுகு வலி பரவால்லீங்க.”

“அத அவங்கல்ல சொல்லோணும்?”

அவர் கையில் ஒட்டிய எள்ளைத் தட்டிவிட்டார்.

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி வந்தார். ஒவ்வொரு முறை போகும்போதும் எங்களுக்கு மோர் கொடுப்பவர். முதுகு கூனி, பார்வை தரையில் இருக்கும். வயது என்று நினைத்திருந்தோம். அவருக்கு அம்மாவைவிட ஒன்றிரண்டு வயதே கூட இருக்கும். சமையலறையிலிருந்து வாசல்வரை, குளியலறைவரை, சுவர் நெடுக இடுப்பு உயரத்தில் ஒரு மரக் கைப்பிடி அடித்திருந்தது. வருடக்கணக்கில் பிடித்துப் பிடித்து அது எண்ணெய் தடவியது போல மினுங்கியது. அதைப் பிடித்தபடி வந்து, மோர்ச் சொம்பை நீட்டினார். அவர் மூச்சு சீராக இருந்தது.

“மொதல்ல அவளுக்குத்தான்,” என்றார் மாமா. “அவள வெச்சுத்தான் எந்திரிக்கறது, நிக்கறது எல்லாம் கத்துக்கிட்டேன். கொஞ்சம் தாமதமாக் கத்துக்கிட்டேன்.”

எனாமல் பெட்பேனும், கொக்கி மங்கிய பெல்ட்டும் யாருடையவை என்பது அப்போது எனக்குத் தெரிந்தது. ஒரு தும்மலில் உடைந்தது யார் என்பதும்.

கிளம்பும்போது மாமா பின்னாலேயே வந்தார். என் வண்டியைப் பிடித்துக்கொண்டு, பொட்டலம் கொடுக்கும்போது பேசும் அதே குரலில் சொன்னார்: “பேப்பர்ல போடுவீங்க. போடுங்க. ஆனா திடீர்னு நிறுத்த வேண்டாம்னு அதுலயே போட்டுருங்க கண்ணு. படிச்சுப்போட்டு ஊரே ஒரே நாள்ல நிறுத்திப்போடும்.”

செய்தி வந்தது. அவர் பெயரோ ஊரோ இல்லாமல் எழுதினேன். பொடியைச் சாப்பிடுகிறவர்கள் உடனே நிறுத்தாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்ற வரியை இரண்டாம் பத்தியில் வைத்தேன். இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியைத்தான் வெட்டுவார்கள். பெயர் இல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதிகாரிகள் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றது. பல்லடத்து விசைத்தறிக்காரர் என் அலுவலகத்துக்கே வந்து, “நல்லா மூச்சு உட்டுக்கிட்டு இருந்தேனுங்க. உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணுனாரு அவரு?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். அப்பா போலீஸ் என்றார், கோர்ட் என்றார். அம்மா அதில் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். மூச்சு வேணுமா முதுகு வேணுமான்னு என்னையக் கேட்டிருந்தா, மூச்சுதான்னு நானே சொல்லியிருப்பேனோ என்னமோ. கேக்கலியே. அண்ணான்னு கூப்பிட்டனே, அண்ணன் கேக்க மாட்டானா?”

பிறகு அவரைப் பற்றி அவள் பேசவில்லை. கல்யாண ஆல்பத்தை எடுத்து, ஸ்டூல் இருந்த படத்தின் மேல் வேறொரு படத்தைச் செருகினாள். டாக்டர் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து, மூச்சோடு உள்ளே இழுக்கும் மருந்துக்கு மாற்றினார். கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண், அம்மா அதுவரை செய்துவந்ததை ஒருமுறை செய்துகாட்டச் சொன்னார். அம்மா உருண்டு எழுந்தாள். சுவரோடு நின்றாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள்.

“எல்லாம் கரெக்டா இருக்குதுங்கம்மா. இப்படியே பண்ணுங்க. யாரு சொல்லிக்கொடுத்தது?”

“ஒரு ஆளு,” என்றாள் அம்மா.

தொண்ணூறுகள் முடியும் வருடத்தில் அவர் இறந்துபோன தகவல் வந்தது. எதிர்வீட்டு அக்காதான் ஓடிவந்து சொன்னார். மகளுக்குத் தாய்மாமனாக நின்றவர். எங்கள் வீட்டிலிருந்து கோடித்துணி போயிருக்க வேண்டும். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், மேடைக்கு முன்னால், உயரமான நாற்காலியில். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

யாரும் போகவில்லை.

மதியம் தாளிப்பு நெடியில் அம்மாவுக்குத் தும்மல் வந்தது. கரண்டியை வைத்துவிட்டு, நகர்ந்துபோய், ஒரு கையைச் சுவரில் ஊன்றி, நிமிர்ந்து நின்று தும்மினாள்.